முகமும் குரலும் களவு போகும் காலம்

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'லால் சலாம்' திரைப்படத்திற்காக ஏ. ஆர். ரகுமான் அமைத்த 'திமிறி எழுடா' என்னும் பாட்டைக் கேட்டவர்கள், அதில் ஒலித்த குரல்களுள் இரண்டை இன்னாருடையவை என்று அறிந்துகொண்டபோது திகைத்துப் போனார்கள். ஒன்று 2022-ல் காலமான பம்பா பாக்யாவின் குரல். மற்றொன்று அதற்கும் ஏறக்குறையக் கால் நூற்றாண்டுக்கு முன்பே விபத்தொன்றில் உயிர்நீத்த சாகுல் ஹமீதின் குரல். அவ்விருவரும் தங்கள் வாழ்நாளில் அந்தப் பாட்டைப் பாடியதில்லை. அவர்கள் முன்னே பாடி வைத்துவிட்டுப் போன பாட்டுக்களிலிருந்து குரலின் தன்மைகளையெல்லாம் கற்றுக்கொண்ட கணினி, அவற்றைப் புதிதாகப் பிறப்பித்துக் கொடுத்தது. காலஞ்சென்ற இருவருடைய குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்று, அவர்களுக்கு உரிய சன்மானமும் அளித்த பிறகே இதைச் செய்ததாக ரகுமான் வெளிப்படையாக அறிவித்தார்.

ஏறக்குறைய அதே சமயத்தில் மற்றொரு செய்தியும் வந்தது. எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை இதே விதமாக உண்டாக்கித் தெலுங்குப் படம் ஒன்றில் உபயோகித்துக்கொண்டார்கள் என்றும், அதற்குத் தங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் கூறி, அவருடைய குமாரர் எஸ். பி. சரண் அப்படத்தைச் சார்ந்தவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். தந்தையின் குரல் சாகாவரம் பெறுவதில் குடும்பத்துக்கு மகிழ்ச்சிதான் என்றாலும், கேளாமல் எடுத்துக்கொள்வது நியாயமா என்பதே வழக்கு.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். இரண்டிலும் சாதனம் ஒன்றே. இரண்டிலும் ஒலித்தது இறந்தவர் குரலே. ஒன்று அஞ்சலியாகவும் மற்றொன்று அத்துமீறலாகவும் தோன்றுவதற்குக் காரணம், ஒன்றில் சம்மதம் கேட்கப்பட்டது, உண்மை ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டது. மற்றொன்றில் அது நடைபெறவில்லை என்பதே. இன்று உலகமெங்கும் அரசாங்கங்களையும் நீதிமன்றங்களையும் கலங்க வைத்திருக்கும் போலிக் காணொளிப் பிரச்சினையில், எதை அனுமதிப்பது, எதைத் தண்டிப்பது என்று தீர்மானிப்பதற்கு இந்த வேறுபாட்டைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஒருவருடைய முகத்தையோ குரலையோ கணினியைக் கொண்டு புனைந்து, அவர் செய்யாததைச் செய்ததாகவும் சொல்லாததைச் சொன்னதாகவும் காட்டும் காணொளிகளுக்கு 'டீப்ஃபேக்' என்னும் பெயர் 2017-ல் வழக்கத்துக்கு வந்தது. நம் ஊர்களில் இதையும், இதற்கு முன்னிருந்த ஒட்டுப்படங்களையும் சேர்த்து 'மார்பிங்' என்று சொல்லுகிறார்கள். இந்த வித்தைக்கு முக்கியமான அடிப்படைகளுள் ஒன்று, 2014-ல் கனடா தேசத்து மாண்ட்ரியால் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இயன் குட்ஃபெல்லோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை. இரண்டு நிரல்களை ஒன்றோடொன்று மோதவிடுவதே அவர்கள் கண்ட உபாயம். ஒன்று படத்தைப் புனையும். மற்றொன்று, தன் முன் வைக்கப்படும் படம் மெய்யானதா, புனைந்ததா என்று தீர்ப்புச் சொல்லும். கள்ள நோட்டு அடிப்பவனையும் அவனைப் பிடிக்க முயலும் போலீஸையும் இதற்கு உவமையாக அவர்களே கூறியிருக்கிறார்கள்: போலீஸ் கெட்டிக்காரனாக ஆக ஆகக் கள்ளனும் கெட்டிக்காரனாகிறான், கடைசியில் கள்ள நோட்டுக்கும் நல்ல நோட்டுக்கும் வித்தியாசமே தெரியாமல் போய்விடுகிறது. இம்முறைக்குப் பிறகு இன்னும் சக்தி வாய்ந்த முறைகள் பல வந்துவிட்டன. குரலைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்த முறையொன்றுக்கு, ஒருவர் பேசிய மூன்று விநாடிப் பேச்சே மாதிரிக்குப் போதுமானதாக இருந்தது.

பொய்ப்படம் என்பது புதிதன்று. புகைப்படக் கலை பிறந்து சில பத்தாண்டுகளுக்குள்ளேயே, அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர், உயிரோடிருப்பவரின் படத்துக்குப் பின்னால் இறந்துபோன உறவினரின் ஆவி தோன்றுவதாகப் படம் பிடித்துக் கொடுத்துப் பொருள் ஈட்டினார். 1869-ல் நியூயார்க்கில் அவர்மீது மோசடி வழக்கு நடந்து, போதிய சாட்சியம் இல்லையென்று விடுதலையானார். சோவியத் ரஷ்யாவில் ஸ்டாலினுக்கு அருகே கால்வாய்க் கரையில் நடந்துவரும் கோலத்தில் படத்திலிருந்த நிகோலாய் யெஷோவ் என்னும் அதிகாரி, 1940-ல் மரண தண்டனை அடைந்த பின்னர் அப்படத்திலிருந்தும் அழிக்கப்பட்டு, அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. ஆனால் அன்று அதைச் செய்வதற்கு ஒரு சர்வாதிகாரியின் ஆணையும், கைதேர்ந்த கலைஞனும், அச்சகமும் வேண்டியிருந்தன. இன்று ஒரு கைப்பேசியும், யாரோ ஒருவர்மேல் உள்ள குரோதமும் இருந்தால் போதும். செய்ததை மறு நிமிஷமே லட்சம் பேருடைய கையில் சேர்த்துவிடவும் முடிகிறது.

இப்படிச் சொல்லும்போது, செயற்கை நுண்ணறிவு ஒன்றே சகல கேடுகளுக்கும் மூலம் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டுக்கே நேர்ந்த ஓர் அநுபவம் அதற்கு மாறான பாடத்தைப் புகட்டுகிறது. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்னும் வதந்தி வட இந்தியாவெங்கும் காட்டுத்தீயாய்ப் பரவியது. ஆதாரமாகக் காட்டப்பட்ட காணொளிகளிலே சில, வேறு இடங்களில் வேறு காரணங்களுக்காக நடந்த கைகலப்புக்கள். பழைய காட்சிக்குப் புதிய தலைப்பை ஒட்டிவிட்டிருந்தார்கள். காயக் கட்டுடன் இருவர் தங்களுக்கு நேர்ந்த கொடுமையை விவரிக்கும் ஒரு காணொளியோ, பாட்னாவிலேயே நடிக்கப்பட்டுப் படமாக்கப்பட்டதென்று பீகார் காவல்துறையே பின்னர் கண்டுபிடித்தது. கணினியின் மாயாஜாலம் எதுவும் அதில் இல்லை. ஆயினும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பனியன் கம்பெனிகளிலும் ஆலைகளிலும் வேலை செய்துகொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர் பலர் அஞ்சிப்போய், ஹோலிப் பண்டிகைக்கு ஊர் செல்பவர்களோடு தாங்களும் ரயிலேறினார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் மறுப்புக் காணொளி வெளியிட வேண்டியிருந்தது. திருப்பூரில் இந்தி தெரிந்தவர்களை வைத்து உதவி மையம் நடத்த வேண்டியிருந்தது. பீகார் அரசு உண்மையறியக் குழு அனுப்ப வேண்டியிருந்தது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். உண்மைதான். ஆனால் ஊரில் தாயார் அழுதுகொண்டு போன் செய்யும்போது, பாஷை தெரியாத ஊரில் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் படுத்திருக்கும் ஒரு தொழிலாளி எங்கே போய், யாரிடம் தீர விசாரிப்பான்? விசாரிக்கும் கடமையைத் தனிமனிதர் தலையில் மட்டும் சுமத்திவிட்டுச் சமூகமும் அரசும் இத்தகைய காணொளிகளைப் பரப்பிக் காசு பண்ணும் நிறுவனங்களும் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் தேவையில்லை.

இனி, இந்த வித்தையால் அதிகமாகத் துன்பப்படுகிறவர்கள் யார் என்று பார்ப்போம். தேர்தல், ராஜதந்திரம், யுத்தம் என்றெல்லாம் பத்திரிகைகள் பெரிதாக எழுதினாலும், உண்மையில் இதன் முதல் பலி பெண்களே. 2019-ல் டீப்ட்ரேஸ் என்னும் நிறுவனம் இணையத்திலிருந்து திரட்டிய 14,678 போலிக் காணொளிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் நூற்றுக்கு 96 சம்மதமின்றிச் செய்யப்பட்ட ஆபாசக் காணொளிகளாக இருந்தன. 2018-ல் பத்திரிகையாளர் ராணா அய்யூப் தாம் எழுதிய விஷயங்களுக்காகப் பழிவாங்கப்பட்ட விதம் இதுவே. ஆபாசப் படத்தில் அவருடைய முகத்தைப் பொருத்திப் பரப்பினார்கள். அதனால் தமக்கு நேர்ந்த மனவேதனையையும், தம்மையறியாமலே தாம் மௌனமாகிவிட்டதையும் அவரே பின்னர் எழுதியிருக்கிறார். 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலோடு பொருத்திய காணொளி பரவியபோதுதான் இந்தியாவில் பலரும் இந்த ஆபத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பள்ளியில் படிக்கும் நாளில் இப்படி ஒன்று தமக்கு நேர்ந்திருந்தால் அதை எப்படித் தாங்கியிருப்பேனோ என்று அந்த நடிகை அப்போது கேட்டது, ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி. புகழும் வக்கீலும் உள்ளவர் தப்பித்துக்கொள்ளலாம். கல்லூரி விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு யார் துணை?

அந்தப் பெண்ணுக்கு நேரக்கூடியது கற்பனையும் அன்று. கைப்பேசிக் கடன் செயலியில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கடன் வாங்கிய குற்றத்துக்காக, போனில் இருந்த புகைப்படத்தை மார்பிங் செய்து, அதே போனிலிருந்து திருடிய எண்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவதாக மிரட்டுவது சில ஆண்டுகளாக நம் நாட்டில் நடந்து வருகிறது. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. தென்கொரியாவில் 2024-ல், மாணவிகளுடைய படங்களைக் கொண்டு இத்தகைய காணொளிகளைச் செய்து டெலிகிராம் குழுக்களில் பகிர்ந்துகொண்ட கூட்டங்கள் வெளிப்பட்டன. பிடிபட்டவர்களில் மிகப் பலர் பதின்ம வயதினர் என்பது அந்த தேசத்தையே உலுக்கிவிட்டது.

பொருள் நஷ்டத்தின் கதை வேறு விதமானது. ஆரப் என்னும் பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் கிளையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே கணக்குப் பிரிவில் இருந்த ஊழியருக்கு, லண்டனில் உள்ள தலைமை நிதி அதிகாரியின் பேரால் ரகசியமான பணப் பரிமாற்றம் ஒன்றைச் செய்யும்படி ஒரு கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அவர் ஏமாளி அல்லர்; இது மோசடியாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகித்தார். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கவென்றே ஒரு காணொளிக் கூட்டத்துக்கு அவரை அழைத்தார்கள். அதில் அந்த அதிகாரியும் தெரிந்த முகங்களாகிய மற்றச் சகாக்களும் இருந்து பேசினார்கள். சந்தேகம் தீர்ந்த ஊழியர், பதினைந்து தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அவர்கள் சொன்ன கணக்குகளுக்கு அனுப்பினார். பிறகு தலைமை அலுவலகத்தை விசாரித்தபோதுதான், அக்கூட்டத்தில் மெய்யாக இருந்த மனிதர் தாம் ஒருவரே என்பது அவருக்குத் தெரிய வந்தது. சந்தேகம் வந்தால் நேரில் பார்த்துத் தீர்த்துக்கொள் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த புத்திமதியையே கண்ணியாக்கி வைத்த சூழ்ச்சி இது.

அது கோடிகளின் கணக்கு. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பழைய சகாவின் முகத்தோடு வாட்ஸ்ஆப் காணொளி அழைப்பு வந்தது. உறவினருக்கு அவசர சிகிச்சை என்று கேட்ட 40,000 ரூபாயை அவர் அனுப்பினார். மேலும் 35,000 கேட்டபோது ஐயம் எழவே, தம்மிடமிருந்த பழைய எண்ணில் நண்பரைக் கூப்பிட்டார். அவரோ இப்படியொரு சிகிச்சையையே அறியார். இங்கே கவனிக்க வேண்டியது, இருவரையும் உண்மைக்குக் கொண்டுவந்தது நுட்பமான கருவி எதுவும் அன்று. தமக்கு முன்பே தெரிந்த வேறொரு வழியில் திரும்ப விசாரித்ததுதான். பணம், ரகசியம், அவசரம் ஆகிய மூன்றும் ஒரே அழைப்பில் வந்தால், பேசுகிறவர் பெற்ற பிள்ளையே ஆனாலும், அழைப்பைத் துண்டித்துவிட்டு நமக்குத் தெரிந்த எண்ணில் நாமே கூப்பிட்டுக் கேட்பதை ஒவ்வொரு குடும்பமும் நியதியாகக் கொள்ளவேண்டும்.

அரசியலுக்கு வருவோம். 2023 செப்டம்பரில் ஸ்லோவாக்கியாவில் பொதுத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னதாக, பிரசாரம் தடைசெய்யப்பட்டிருந்த அந்த மௌன நேரத்தில், கட்சித் தலைவர் ஒருவர் பத்திரிகையாளர் ஒருவரோடு சேர்ந்து தேர்தலில் தில்லுமுல்லு செய்யப் பேசுவதுபோன்ற ஒலிப்பதிவு ஒன்று பரப்பப்பட்டது. அது பொய் என்று இருவரும் மறுத்தும், மறுப்பு எல்லோருக்கும் போய்ச் சேர அவகாசமில்லை. தமிழ்நாட்டிலோ, 2024-ல் கருணாநிதியின் உருவம் செயற்கை நுண்ணறிவால் எழுப்பப்பட்டுச் சேலத்தில் நடந்த திமுக இளைஞரணி மாநாட்டில் பேசியது; சில வாரங்களில் ஜெயலலிதாவின் குரலை அதிமுகவினர் வெளியிட்டார்கள். இவற்றில் ஏமாற்று இல்லை. இன்ன முறையில் செய்தோம் என்று கேட்பவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் இறந்த தலைவர் இன்றைய விவகாரத்தில் இன்னதுதான் சொல்லியிருப்பார் என்று முடிவு கட்ட யாருக்கு அதிகாரம் என்னும் கேள்வி நியாயமானது. பாட்டுக்குக் குரல் கொடுப்பது ஒன்று. அபிப்பிராயத்துக்கு வாய் கொடுப்பது மற்றொன்று. பின்னதில் சம்மதம் என்பது வாரிசுகள் தரக்கூடிய பொருளா என்பதை நம் சட்டங்கள் இன்னும் யோசிக்கவில்லை.

இவையெல்லாம் பொய்யை மெய்யென்று நம்புவதால் வரும் தீங்குகள். இதற்கு நேர் எதிரான தீங்கு ஒன்று இருக்கிறது. நீண்ட நோக்கில் அதுவே பெரிது. போலி எங்கும் மலிந்துவிட்டது என்று ஜனங்கள் அறிந்துகொண்டபின், மெய்யான சாட்சியத்தையும் போலி என்று தள்ளிவிடுவது குற்றவாளிக்கு மிக எளிதாகிறது. லஞ்சம் வாங்கும்போது பிடித்த படமா? அது டீப்ஃபேக். பேசிய பேச்சின் ஒலிப்பதிவா? அதுவும் டீப்ஃபேக். அமெரிக்கச் சட்ட அறிஞர்களான பாபி செஸ்னியும் டேனியல் சிட்ரனும் இதைப் பொய்யனுக்குக் கிடைக்கும் லாபம் என்று வருணித்தார்கள். ஆப்பிரிக்காவில் கபோன் தேசத்து ஜனாதிபதி அலி போங்கோ நோயுற்று மாதக்கணக்கில் வெளியில் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, 2019 புத்தாண்டில் காணொளி மூலம் நாட்டுக்கு உரை நிகழ்த்தினார். அவருடைய முகத்தோற்றம் மாறியிருந்ததால் அது போலியென்று எதிரிகள் பேசினார்கள். ஒரு வாரத்துக்குள் ராணுவத்தில் ஒரு சிறு பகுதியினர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றார்கள். பிறகு அக்காணொளியை ஆராய்ந்த நிபுணர்கள் அது புனையப்பட்டது என்பதற்கு அத்தாட்சி எதையும் காணவில்லை. போலியே இல்லாமல், போலியைப் பற்றிய சந்தேகமே ஒரு நாட்டைக் கலக்கப் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் போலியைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்துவிட்டால் என்ன? முயன்று பார்த்திருக்கிறார்கள். புனைந்த முகங்கள் இயல்பாகக் கண் சிமிட்டுவதில்லை என்று 2018-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக் காட்டினார்கள். சுட்டிக் காட்டிய சில காலத்துக்குள்ளேயே போலி முகங்களும் கண் சிமிட்டக் கற்றுக்கொண்டன. 2020-ல் ஃபேஸ்புக் நிறுவனம் நடத்திய போட்டியில் முதலிடம் பெற்ற நிரல், தான் முன்பு கண்டிராத காணொளிகளில் நூற்றுக்கு 65 அளவிலேயே சரியாகச் சொன்னது. ஆகவே இப்போது பலர், போலியைப் பிடிப்பதைவிட மெய்க்கு முத்திரை இடுவது மேல் என்னும் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி முதலானவை சேர்ந்து வகுத்திருக்கும் முறையின்படி, படம் எடுத்த கருவி, நேரம், பின்னர் செய்த திருத்தங்கள் ஆகியவை படத்தோடு சேர்த்துப் பூட்டப்படுகின்றன. 2023-ல் லைக்கா நிறுவனம் இவ்வசதியுள்ள காமிராவை வெளியிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ, சில செயலிகள் வழியே அனுப்பினாலோ அந்த முத்திரை உதிர்ந்துவிடுகிறது. நம் நாட்டில் பெரும்பாலான படங்கள் பயணம் செய்வதோ அவ்வழியில்தான்.

கருவியால் தீராத இடத்தில் சட்டம் வரவேண்டும். உலக தேசங்கள் பலவும் வெவ்வேறு பாதையில் இதைத் தொடங்கியிருக்கின்றன. சீனா 2023 ஜனவரி முதல், செயற்கையாகப் புனைந்தவற்றுக்கு அடையாளம் இடவேண்டுமென்று விதித்திருக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டமும் அடையாளமிடுதலையே வற்புறுத்துகிறது. தென்கொரியா, பாலியல் போலிக் காணொளிகளைச் செய்வதை மட்டுமன்றி வைத்திருப்பதையும் பார்ப்பதையும்கூடக் குற்றமாக்கியது. அமெரிக்காவில் 2025 மே மாதத்தில் கையெழுத்தான சட்டம், சம்மதமின்றி வெளியிட்ட அந்தரங்கப் படங்களை, மெய்யானாலும் போலியானாலும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்கவேண்டும் என்கிறது. மெய்யானாலும் போலியானாலும் என்னும் அந்த விதியில் பெரிய விவேகம் இருக்கிறது. படம் எப்படி உண்டானது என்று பாதிக்கப்பட்ட பெண் நிரூபிக்க வேண்டியதில்லை, தன் சம்மதம் இல்லை என்று சொன்னால் போதும்.

இந்தியாவில் டீப்ஃபேக்குக்கென்று தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. ஆயினும் சட்டமே இல்லை என்பது தவறு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிறர் அடையாளத்தைத் திருடுவதற்கு 66சி பிரிவும், ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுவதற்கு 66டி பிரிவும், ஆபாசத்தைப் பரப்புவதற்கு 67, 67ஏ பிரிவுகளும் இருக்கின்றன. போலி ஆவணம், ஆள்மாறாட்டம், அவதூறு ஆகியவற்றுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் இடமுண்டு. புகழ் பெற்றவர்கள் தங்கள் பெயர், குரல், உருவம் ஆகியவற்றைப் பிறர் வியாபாரத்துக்கு எடுத்துக்கொள்வதைத் தடுக்கும்படி நீதிமன்றத்தை நாடுகிறார்கள். 2023 செப்டம்பரில் நடிகர் அனில் கபூருக்கு டில்லி உயர்நீதிமன்றம் அத்தகைய பாதுகாப்பை அளித்தது. 2024 மக்களவைத் தேர்தலின்போது, போலிக் காணொளி தங்கள் கவனத்துக்கு வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் அதை நீக்கவேண்டுமென்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு ஆணையிட்டது. 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகள், புனைந்த காட்சியின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அடையாளம் இருக்கவேண்டும் என்றன. 2026 பிப்ரவரியில் இறுதி செய்யப்பட்டபோது அந்த அளவு கைவிடப்பட்டுத் தெளிவான அடையாளம் என்பது மட்டும் நிலைத்தது. ஆனால் அரசோ நீதிமன்றமோ ஆணையிட்டால் 36 மணி நேரத்துக்குப் பதில் மூன்றே மணி நேரத்தில் தளங்கள் நீக்கவேண்டும் என்று காலம் சுருக்கப்பட்டது.

அவசரம் தேவைதான், பரவும் வேகம் அப்படிப்பட்டது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஆட்சியிலிருப்பவர் கையில் முழுதும் போய்ச் சேர்ந்தால், கேலிச்சித்திரமும் கண்டனமும் முதலில் நீக்கப்படும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, வரம்பு தெரியாத வார்த்தைகளால் பேச்சுரிமையை நெரித்ததென்று 2015-ல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. மத்திய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசே அமைக்கும் ஒரு பிரிவு சொல்லலாம் என்ற 2023-ஆம் ஆண்டு விதியைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் செல்லாதென்று தீர்த்தது. அமைச்சரைப் பரிகசித்து ஒரு கலைஞன் செய்த படமும், அண்டை வீட்டுப் பெண்ணை அவமானப்படுத்த ஒருவன் செய்த படமும் ஒரே கணினியில் பிறந்திருக்கலாம். ஒரே விதியால் இரண்டையும் அளப்பது அநீதி. ஏமாற்றும் உத்தேசம் இருந்ததா, உரியவரின் சம்மதம் இருந்ததா, அந்தரங்கம் அவமதிக்கப்பட்டதா என்று கேட்கும் சட்டம் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடிக்கும். கணினியால் செய்ததா என்று மட்டும் கேட்கும் சட்டம் இரண்டிலும் தவறிப் போகும். பாட்னாவில் நடித்துப் படமாக்கிய வஞ்சகத்தையோ அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

பாதிக்கப்பட்டவர்கள் உடனடியாகச் செய்யவேண்டியவை சில உண்டு. பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடக் கூடாது. காணொளி இருந்த முகவரி, அனுப்பியவரின் எண், நாள், நேரம் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க அதனால் கூடும். படங்கள் சம்பந்தமான புகாரை மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்தில் பதியலாம். பெண்களும் குழந்தைகளும் தங்கள் பெயரை வெளியிடாமலே புகார் செய்ய அதில் வழியுண்டு. ஸ்டாப்என்சிஐஐ என்னும் அமைப்பின் மூலம், படத்தை யாருக்கும் அனுப்பாமல், அதன் கைரேகை போன்ற ஓர் எண்வடிவத்தை மட்டும் கொடுத்து, முக்கியமான தளங்களில் அப்படம் ஏறாதபடி தடுக்கவும் இப்போது இயலும். மிரட்டுகிறவனுக்குப் பணம் மட்டும் கொடுக்கலாகாது. ஒருமுறை கொடுத்தவரிடம் அவன் மறுமுறையும் வருவான்.

ஆனால் இவ்வளவு வழிகளும் ஒருத்திக்குப் பயன்பட வேண்டுமானால், முதலில் அவள் வாய் திறந்து வீட்டில் சொல்ல வேண்டும். அங்கேதான் நம் சமூகம் சட்டத்துக்கு முன்பே அவளைத் தண்டித்துவிடுகிறது. நீ ஏன் போட்டோ போட்டாய், எதற்கு உனக்கு இன்ஸ்டாகிராம், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று தகப்பனும் தமையனும் கேட்கும் கேள்விகளும், காவல்நிலையத்தில் புகார் எழுதுகிறவர் இதையெல்லாம் பெரிதுபடுத்தாதேம்மா என்று சொல்லும் சமாதானமும் மிரட்டுகிறவனுக்குக் கிடைக்கும் உண்மையான பலம். அவனிடம் இருப்பது ஒரு பொய்ப்படம் மட்டுமே. அதை ஆயுதமாக்குவது நாம் அவள்மேல் ஏற்றும் அவமானம். வீட்டில் திருட்டுப் போனால், பொருளை இழந்தவனை யாரும் குற்றவாளியாக்குவதில்லை. முகத்தை இழந்தவளை மட்டும் ஏன் ஆக்கவேண்டும்? டில்லியில் எத்தனை விதிகள் இயற்றினாலும், அவற்றின் தகுதியை அளக்கும் இடம் தாலுகா ஊரிலுள்ள காவல்நிலையமும் அவரவர் வீட்டுக் கூடமுமே. புகாரோடு வந்த பெண்ணை உட்காரவைத்து, நடந்ததை அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டு, அன்றைக்கே அந்தப் படத்தை நீக்குவதற்கான காரியத்தைத் தொடங்குகிற அதிகாரியும், குற்றம் உன்னுடையதல்ல, வா போகலாம் என்று அவளோடு கூடப் புறப்படுகிற பெற்றோரும் பெருகினால், வஞ்சகனுடைய கணினி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வளர்ந்தாலும் அவன் மிரட்டலுக்கு விலை இராது.